வெளியில் மாட்டிய வானிலை சென்சாரைப் பராமரிப்பது: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால்கனியில், பள்ளி மாடியில், சமூகத் தோட்டத்தில், கட்டுமானத் தளத்தில் என்று சொந்தமாக வானிலைக் கருவி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. எந்த நிறுவனத்தின் கருவிக்கும் பொருந்தும்படி பதில் எழுதியிருக்கிறது. சிங்கப்பூரின் வெயிலையும் ஈரத்தையும் பூச்சிகளையும் மனத்தில் வைத்து எழுதியதால், பெட்டியோடு வந்த வெளிநாட்டுக் கையேட்டிலிருந்து சில இடங்களில் மாறுபடும்.

புதுக் கருவிதான், நன்றாக ஓடுகிறது. அதற்குள் என்ன பராமரிப்பு?

ஓடுவது வேறு, சரியாக அளப்பது வேறு. வானிலை சென்சார் பெரும்பாலும் பட்டென்று நின்றுவிடாது. நின்றால் நல்லது, அன்றைக்கே தெரிந்துவிடும். மழைமானியின் புனலில் பாதி அடைப்பு, ஈரப்பத சென்சாரில் மெதுவாக ஏறும் நாலைந்து விழுக்காடு, காற்றுமானியின் பேரிங்கில் சேரும் அழுக்கு, இவையெல்லாம் திரையில் ஒழுங்கான எண்ணாகத்தான் தெரியும். வரைகோடும் அழகாக இருக்கும். ஆறு மாதம் கழித்து யாராவது சந்தேகப்பட்டுப் பார்க்கும்போது, அந்த ஆறு மாதத்தில் எந்த வாரம் வரை நம்பலாம் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த ஊரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மி.மீட்டருக்கு மேல் மழை, ஏறக்குறைய 170 மழை நாள். ஒப்பு ஈரப்பதத்தின் சராசரியே 80 விழுக்காட்டைத் தாண்டும். நடுவில் ஒரு குளிர்காலமாவது வந்தால் பாசியும் பூச்சியும் கொஞ்சம் ஓயும். இங்கே அதுவும் இல்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

தரவை வாரம் ஒருமுறை, கருவியை மாதம் ஒருமுறை. மாதாந்தரப் பார்வைக்கு இருபது நிமிடம் போதும்: புனல், வெயில் கவசம், காற்றுக் கிண்ணங்கள், ரசமட்டம், கேபிள், பேட்டரி. அளவு சரிபார்ப்பை ஆண்டுக்கு இருமுறை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அக்டோபரில் செய்தால் நல்லது. நவம்பர், டிசம்பர், ஜனவரிதான் இங்கே மழை அதிகமான மாதங்கள். மானி சரியாக இருக்க வேண்டிய காலம் அதுதான்.

ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ், சாங்கி போலக் கடலோரமாக இருந்தால் உப்புக்காற்றுக்காகத் திருகாணிகளையும் கனெக்டர்களையும் கூடுதலாகக் கவனியுங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் அது அரிப்பின் ஆரம்பம்.

மதியம் 39 டிகிரி காட்டுகிறது. நிஜமாகவே அவ்வளவு வெயிலா?

இல்லை. சிங்கப்பூரில் அதிகாரபூர்வமாகப் பதிவான மிக அதிக வெப்பநிலை 37.0 டிகிரி செல்சியஸ். 1983 ஏப்ரல் 17இல் தெங்காவில் ஒருமுறை, 2023 மே 13இல் அங் மோ கியோவில் மறுமுறை. உங்கள் பால்கனி அந்தச் சாதனையை வாரத்தில் மூன்று நாள் முறியடிக்கிறது என்றால், சென்சார் காற்றை அளக்கவில்லை. சுவரை அளக்கிறது, அல்லது தன் சொந்தப் பெட்டியின் சூட்டை அளக்கிறது.

முதலில் இடத்தைப் பாருங்கள். ஏர்கான் கம்ப்ரசர் பக்கத்தில் இருக்கிறதா? வெயில் வாங்கும் கான்கிரீட் சுவரில் ஒட்டினாற்போல இருக்கிறதா? வெளியே நீட்டிய தகரக் கூரைக்கு அடியிலா? அப்புறம் கவசம். வெள்ளைத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும் அந்தக் கவசம் மஞ்சளாகவோ பாசி பிடித்தோ இருந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பாமல் உள்வாங்கும். உள்ளே விசிறி வைத்த ரகமாக இருந்தால், அந்த விசிறி சுற்றுகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். விசிறி நின்றதைக் கருவி சொல்லாது.

ஓர் எளிய சோதனை: நல்ல மழை திடீரென்று பிடிக்கும்போது வரைகோட்டைப் பாருங்கள். வெளிக்காற்று சில நிமிடங்களிலேயே பல டிகிரி குளிர்ந்துவிடும். உங்கள் கோடு ஒரு மணி நேரம் எடுத்து மெல்ல இறங்கினால் காற்றோட்டம் போதவில்லை. இரவில் சரியாகவும் மதியம் மட்டும் கூடுதலாகவும் காட்டினால், பழி சென்சாருடையதல்ல, வெயிலுடையது. இரவிலும் அதே அளவு கூடுதலாக இருந்தால் சென்சாரைச் சந்தேகிக்கலாம்.

கையேடு ‘வடக்குப் பக்கச் சுவரில் மாட்டுங்கள், அங்கே வெயில் படாது’ என்கிறது. அப்படியே செய்யலாமா?

அது லண்டனுக்கும் சிகாகோவுக்கும் எழுதிய வரி. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரி வடக்கே இருக்கிறோம். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை உச்சிவெயில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து விழும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கமாக. ஆண்டு முழுக்க நிழலாக இருக்கும் சுவர் என்று வடக்கிலும் இல்லை, தெற்கிலும் இல்லை. டிசம்பரில் மாட்டிவிட்டு ‘நல்ல நிழல்’ என்று திருப்திப்படுபவர்கள் ஜூனில் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். பழைய மரப்பெட்டி நிலையங்களில்கூட, வெப்பமண்டலத்துக்கென்று செய்தவற்றில் இரண்டு பக்கமும் கதவு வைப்பார்கள். வெயில் இல்லாத பக்கத்தைத் திறந்து பார்க்கத்தான்.

சூரியத் தகடு உள்ள கருவிக்கும் இதே கதை. ‘தெற்கே திருப்பு’ என்பதற்கு இங்கே பெரிய பொருள் இல்லை. தட்டையாக வைக்காமல், மழைநீர் வழிந்து தூசியைக் கழுவும் அளவுக்குக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள், போதும்.

வெயில் கவசத்தை எப்படிக் கழுவுவது?

கழற்றி, சென்சாரை வெளியே எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து மென்மையான தூரிகையால். ப்ளீச் வேண்டாம், பிளாஸ்டிக் நொறுங்கும். தட்டுகளின் அடிப்பக்கத்தையும் தேயுங்கள், சிலந்தி அங்கேதான் கூடு கட்டும். முழுக்கக் காய்ந்த பிறகே சென்சாரைத் திரும்ப வையுங்கள். ஈரத்தோடு மாட்டினால் அன்றைய ஈரப்பத அளவு முழுக்கப் பொய். உயரழுத்தத் தண்ணீர்க் குழாயை அருகே கொண்டுபோகாதீர்கள்.

ஈரப்பதம் எப்போது பார்த்தாலும் 99 அல்லது 100. சிங்கப்பூர் என்றால் அப்படித்தானே?

விடியற்காலையில் 95, மழை விடாமல் பெய்தால் 100, இது சகஜம். ஆனால் மழையில்லாத நாளின் பிற்பகலில் 60 விழுக்காட்டையொட்டி இறங்க வேண்டும். மதியம் இரண்டு மணி வெயிலிலும் 99 என்றால் சென்சார் நனைந்திருக்கிறது அல்லது கெட்டுவிட்டது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இப்போது பரவலாக இருக்கும் சென்சார்களில், நீராவியை உறிஞ்சும் மெல்லிய பாலிமர் படலம் இருக்கிறது. 80 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் கிடந்தால் அது தற்காலிகமாகச் சில விழுக்காடு கூடுதலாகக் காட்டத் தொடங்கும். வறண்ட காற்றில் வைத்தால் மெதுவாகத் திரும்பும். நம் ஊரில் அந்த வறண்ட காற்று வருவதே இல்லை. ஆகவே பெட்டியில் ‘பிழை 2 விழுக்காடு’ என்று அச்சிட்டிருப்பதை இங்கே அப்படியே நம்ப முடியாது. எஸ்எச்டி31 போன்ற சில்லுகளில் உள்ளேயே ஒரு சூடேற்றி உண்டு. அதை அவ்வப்போது சில விநாடி ஓடவிட்டு, படிந்த ஈரத்தை விரட்டலாம். அது ஓடும் நேரத்திலும் ஆறும் நேரத்திலும் வரும் அளவுகளைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

சரிபார்க்கச் சமையல் உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பைக் கொட்டி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கரைந்து உப்புத் தண்ணீராகிவிடக் கூடாது, கட்டி தெரிய வேண்டும். அந்த மூடியையும் சென்சாரையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒன்றையொன்று தொடாமல் வைத்து மூடி, வெப்பநிலை அதிகம் மாறாத அறையில் ஓர் இரவு விடுங்கள். ஏர்கான் விட்டு விட்டு ஓடும் படுக்கையறை வேண்டாம். நம் அறை வெப்பநிலையில் உள்ளே ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிற்கும். சென்சார் 79 என்றால் நாலு கூடுதல் என்று குறித்துக்கொள்ளுங்கள். 85, 90 என்று காட்டினால் திருத்திப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: எறும்புக்காக அடிக்கும் ஸ்ப்ரே, கிருமிநாசினி ஆல்கஹால், பெயிண்ட் வாடை இவை அந்தப் படலத்தைக் கெடுக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கு நகர மன்றம் மறுபடி வண்ணம் பூசும் வாரத்தில் சென்சாரைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவது உத்தமம். எப்படியும் அந்த வாரம் சாரமும் வலையும் காற்றை மறைத்துக்கொண்டுதான் இருக்கும்.

மழைமானியில் என்ன பார்க்க வேண்டும்?

அதிகம் கெடுவது இதுதான், எளிதில் சரிசெய்யக்கூடியதும் இதுதான். பெரும்பாலான மழைமானிகளில் புனலுக்குக் கீழே சீசா போல ஆடும் இரட்டைக் கிண்ணம் இருக்கும். ஒரு கிண்ணம் 0.2 மி.மீ. மழைக்குச் சமமான நீரால் நிரம்பியதும் கவிழும், மற்றது மேலே வரும், ஒரு துடிப்பு பதிவாகும்.

புனலைத் திருகிக் கழற்றுங்கள். நடுத்துளையின் வடிகட்டியைப் பாருங்கள். பக்கத்தில் தூங்குமூஞ்சி மரம் இருந்தால், அதன் சின்னஞ்சிறு சிற்றிலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, மேலே மைனா எச்சம், அதற்கு மேல் வழுவழுப்பான பாசி என்று ஓர் அடையே இருக்கும். அடியில் கிண்ணத்தின் உள்விளிம்பில் கருஞ்சேறு. அந்தச் சேறு இடத்தை அடைத்துக்கொள்வதால் கிண்ணம் குறைந்த நீரிலேயே கவிழும், மழை கூடுதலாகப் பதிவாகும். மேலே அடைப்போ நேர்மாறு: புனல் நிரம்பி வழிந்து மழை காணாமல் போகும். இரண்டு தவறும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

கழற்றாமலே பாதி அடைப்பைத் தரவில் பிடிக்கலாம். மதியம் மூன்றரைக்கு இடியோடு கொட்டி நாலேகாலுக்கு வெயில் அடித்த நாளில், உங்கள் மானி மட்டும் இரவு எட்டு மணி வரை சில நிமிடத்துக்கு ஒரு 0.2 என்று பதிவு செய்துகொண்டிருந்தால், தேங்கிய நீர் மெல்லச் சொட்டுகிறது. மழை பெய்யவில்லை.

கழுவும்போது முதலில் கேபிளைப் பிடுங்குங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கிண்ணத்தைத் துடைக்கும் ஒவ்வோர் ஆட்டமும் மழையாகப் போய்ச் சேரும். கிண்ணத்தின் உட்புறத்தை விரலால் தேய்க்காதீர்கள், எண்ணெய்ப் பசை ஒட்டினால் நீர் சரியாக வழியாது. பஞ்சுக்குச்சி போதும். கடைசியில் ரசமட்டம் வைத்துச் சமமாக இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்த மானியில் ஒரு கிண்ணம் சீக்கிரமும் மற்றது தாமதமாகவும் கவிழும்.

மழைமானியின் அளவை வீட்டிலேயே சரிபார்க்க முடியுமா?

முடியும். புனல் வாயின் ஆரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, 3.14ஆல் பெருக்குங்கள். வரும் எண்ணே 10 மி.மீ. மழைக்கான நீர், மில்லிலிட்டரில். விட்டம் 20 செ.மீ. புனலுக்கு 314 மி.லி. வரும். அந்த நீரை ஒரு பாட்டிலில் ஊற்றி, மூடியில் ஊசித்துளை போட்டு, புனல்மேல் கவிழ்த்து, ஒரு மணி நேரம் சொட்டும்படி விடுங்கள். 0.2 மி.மீ. கிண்ணம் என்றால் 50 துடிப்பு வர வேண்டும். ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் விட்டுவிடலாம். 44 என்று வந்தால் கிண்ணம் அதிக நீர் வாங்குகிறது, அடியில் உள்ள திருகாணியைச் சிறிது உயர்த்த வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு.

குடத்தைக் கவிழ்ப்பதுபோல ஊற்றிச் சோதிக்கக் கூடாது. கிண்ணம் கவிழும் அந்த அரை விநாடியில் விழும் நீர் கணக்கில் வராமல் போகும், ஆகவே வேகம் கூடக் கூட மானி குறைத்துத்தான் காட்டும். நிஜ மழையிலும் இது நடக்கும். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் நம் பிற்பகல் மழை அடிக்கும்போது சில விழுக்காடு தொலைவது இயல்பு. சோதனை முடிந்ததும் அந்தப் பொய் 10 மி.மீட்டரை அன்றைய பதிவில் குறியிட மறக்காதீர்கள்.

பக்கத்து நிலையத்தில் 40 மி.மீ., என்னுடையதில் 3. எது தவறு?

இரண்டும் சரியாக இருக்கலாம். தெம்பனிசில் கொட்டும்போது பிடோக்கில் துணி காய்வது இங்கே தினசரிக் காட்சி. ஒரு நாள் இடிமழையை வைத்து மானியைக் குறை சொல்லாதீர்கள். ஒப்பிட வேண்டுமானால் தீவு முழுக்க ஒரே மாதிரி பெய்யும் நாள்களை எடுங்கள்: டிசம்பர், ஜனவரியில் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும் பருவமழைப் பெருக்கு, அல்லது சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வரிசையாகக் கடந்துபோகும் சூறைக்காற்று மழை. மாத மொத்தத்தையும் ஒப்பிடலாம். மாதத்துக்கு மாதம் உங்கள் மானி மட்டும் கால்வாசி குறைவாகவே காட்டினால் புனலைத் திறந்து பாருங்கள்.

ஒப்பிடும் எண்களுக்கு அலைய வேண்டாம். சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் தானியங்கி நிலையங்களின் அளவுகள் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, மழை ஐந்து நிமிடக் கணக்கில். அங் மோ கியோ அவென்யூ 5, கிளமெண்டி ரோடு, ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே என்று உங்களுக்கு அருகில் ஏதாவது ஒன்று இருக்கும்.

மழைமானியில் தேங்கும் நீரில் கொசு வருமா?

கட்டாயம். ஏடிஸ் கொசுவின் முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும், அதற்கு ஒரு காசளவு நீர் போதும். கண்ணாடிக் குழாய் போன்ற சாதாரண மானியைத் தினமும் ஒரே நேரத்தில் அளந்து கொட்டிவிடுங்கள். கிண்ண மானியில் வெளியேறும் துளையும் அடித்தட்டும் அடைபடாமல் இருக்க வேண்டும். ‘இது அறிவியல் கருவி’ என்பது தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரியிடம் எடுபடாது.

காற்று எப்போதும் பூஜ்யம் காட்டுகிறது.

சிங்கப்பூரில் காற்று பொதுவாக மெல்லியது. கிண்ண வகை மானியின் பேரிங்கில் சிறிது உப்போ தூசியோ சேர்ந்தாலே இந்தத் தென்றலுக்கு அது சுற்றாது, பலத்த காற்றுக்கு மட்டும் சுற்றும். ஆகவே அதிகபட்ச வேகம் சரியாகவும் சராசரி குறைவாகவும் வரும். பூஜ்யம் எத்தனை மணி நேரம் வருகிறது என்று மாதாமாதம் எண்ணிப் பாருங்கள், ஏறிக்கொண்டே போனால் பேரிங் தேய்கிறது. காற்றில்லாத அறையில் கிண்ணத்தை மெல்ல ஊதினால் சுற்றி, தானாகத் தயங்கி நிற்க வேண்டும். வெடுக்கென்று நின்றால் மாற்றுங்கள். சமையல் எண்ணெய் விடாதீர்கள், தூசியை அழைத்து வரும்.

இடத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடலாம். முறைப்படி காற்றுமானி திறந்த வெளியில் பத்து மீட்டர் உயரத்தில், தடைகளிலிருந்து அவற்றின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தள்ளி இருக்க வேண்டும். வீவக பால்கனியில் அது நடக்காத காரியம். அங்கே கிடைப்பது உங்கள் பால்கனியின் காற்று, ஈசூனின் காற்று அல்ல. அப்படியே பெயரிட்டு வைத்தால் போதும்.

காற்றழுத்த சென்சார் சரியா என்று எப்படித் தெரியும்?

வெப்பமண்டலத்தில் இதற்கு இலவசச் சோதனை ஒன்று இருக்கிறது. அழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும்: காலை 10, 11 மணிவாக்கில் ஒரு மேடு, மாலை 4, 5 மணிவாக்கில் பள்ளம், இரவில் மறுபடி மேடு, விடியுமுன் சிறு பள்ளம். பகல் இறக்கம் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல். இந்த இரட்டை மேடு உங்கள் வரைகோட்டில் தெரிந்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது. நேர்கோடாக இருந்தால் இல்லை.

எண் மட்டும் ஒரே அளவு விலகியிருந்தால் உயரத்தைச் சரிபாருங்கள். 12ஆம் மாடியில் சுமார் 33 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 4 ஹெக்டோபாஸ்கல் குறையும். அமைப்பில் உயரத்தைப் போடாதவர்கள்தான் ‘சாங்கி நிலையத்தோடு ஒத்துப்போகவில்லை’ என்று எழுதுகிறார்கள்.

திடீரென்று 85.0 டிகிரி, அப்புறம் மைனஸ் 127. என்ன இது?

இவை வெப்பநிலையே அல்ல. டிஎஸ்18பி20 வகை சென்சாருக்கு மின்சாரம் வந்ததும், முதல் அளவு எடுக்குமுன் அதன் நினைவில் இருக்கும் எண் 85. மின்சாரம் தடுமாறுகிறது என்று பொருள். மைனஸ் 127 என்பது சென்சாரோடு தொடர்பு அறுந்ததற்கு மென்பொருள் போடும் எண். இரண்டுக்கும் கனெக்டரைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் உள்ளே ஈரம். கேபிள் பெட்டிக்குள் நுழையுமிடத்துக்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விடுங்கள். மழைநீர் கேபிள் வழியே ஓடிவந்து பெட்டிக்குள் போகாமல் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும். நுழைவாய் பெட்டியின் அடியில் இருக்கட்டும்.

எங்கள் வேலையிடத்தில் டபிள்யூபிஜிடி மீட்டர் (சூடு, ஈரம், வெயில் எல்லாம் சேர்ந்து உடலைத் தாக்கும் வெப்பத்தை அளப்பது) இருக்கிறது. அதற்கும் பராமரிப்பு உண்டா?

இந்தப் பக்கத்தில் இதைத்தான் அதிக கவனத்தோடு படிக்க வேண்டும். மற்றவற்றில் எண் தவறினால் வரைபடம் கெடும். இதில் தவறினால் வெயிலில் நிற்கும் மனிதருக்கு ஓய்வு கிடைக்காமல் போகும். மனிதவள அமைச்சின் 2023 அக்டோபர் விதிகளின்படி, அளவு 32 டிகிரியைத் தொட்டால் கடினமான உடலுழைப்பு செய்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும்.

வெளிப்புறத்துக்கான கணக்கு இது: ஈரத்திரி வெப்பமானியின் (நனைந்த திரி சுற்றியது) அளவில் 70 விழுக்காடு, கருங்கோளத்தின் (உள்ளே வெப்பமானி வைத்த கறுப்பு உருண்டை) அளவில் 20, சாதாரணக் காற்று வெப்பநிலையில் 10. ஆகவே திரிதான் ராஜா. திரி காய்ந்தாலோ அழுக்கேறி நீரை இழுக்காவிட்டாலோ அளவு கூடுதலாக வரும். அது பாதுகாப்பான பக்கத்துப் பிழை என்றாலும், நாலு நாள் பொய் எச்சரிக்கை வந்தால் ஐந்தாம் நாள் யாரும் மீட்டரைப் பார்க்க மாட்டார்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றாமல் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள், திரியை அடிக்கடி மாற்றுங்கள்.

கருங்கோளம் இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அதன் பிழை எதிர்ப்பக்கம். சிமெண்டுத் தூசி படிந்து சாம்பல் நிறமானால், பறவை எச்சம் விழுந்தால், அது வெயிலைக் குறைவாக வாங்கும், எண் குறைவாக வரும். 32 தாண்டிய வேளையில் 31.5 என்று காட்டும். கட்டுமானத் தளத்தில் தூசிக்குப் பஞ்சமா? தினமும் வேலை தொடங்குமுன் ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். திரியில்லாத கைமீட்டர்கள் ஈரப்பத சென்சாரை வைத்துக் கணக்கிடுபவை. அவற்றுக்கு மேலே சொன்ன உப்புச் சோதனையும், ஆண்டுக்கொருமுறை முறையான அளவுத்திருத்தமும் தேவை. மீட்டரை மேற்பார்வையாளர் அறையின் நிழலில் வைத்துவிட்டு வெயிலில் வேலை வாங்குவது பராமரிப்புப் பிரச்சினை அல்ல, வேறு பிரச்சினை.

புகைமூட்டக் காலத்தில் பிஎம்2.5 (காற்றில் மிதக்கும் நுண்துகள்) சென்சார் தாறுமாறாகக் காட்டுகிறதே?

மலிவான சென்சார்கள் ஒளிச்சிதறலை வைத்து எண்ணுபவை. ஈரப்பதம் மிகும்போது துகள்கள் நீர் உறிஞ்சிப் பருக்கும், சென்சார் கூடுதலாகக் காட்டும். விடியற்காலையில் ஏறி மதியம் இறங்கும் கோட்டில் ஒரு பங்கு இதனால் வருவது. அதிகாரபூர்வ வட்டார அளவோடு போக்கை ஒப்பிடுங்கள், எண்ணை அல்ல. புகைமூட்டம் கலைந்த பிறகு உள்விசிறியைத் தூரிகையால் சுத்தம் செய்து, காற்று நுழையும் வாயைக் கீழ்நோக்கி வையுங்கள்.

எறும்பு, பல்லி, சிலந்தி?

தாங்குகம்பத்தைச் சுற்றி வளையம் போலக் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் எறும்பு ஏறாது. பெட்டியின் துளைகளுக்கு நுண்ணிய எஃகு வலை. பல்லி முட்டை சர்க்யூட் போர்டில் ஒட்டியிருந்தால் சுரண்டாமல் மெல்ல எடுங்கள். மருந்தடிக்க வேண்டாம், காரணம் மேலே இருக்கிறது.

இடிக்கும்போது கழற்றிவிடலாமா?

இடி கேட்டால் கம்பத்தின் பக்கமே போகாதீர்கள், மாடிக்கும் ஏறாதீர்கள். மின்னல் அதிகமான ஊர் இது. நீண்ட கேபிளுக்குப் பதில் கம்பியில்லாத் தொடர்பு நல்லது. கருவி போனால் வாங்கிக்கொள்ளலாம்.

வீவக தாழ்வாரத்திலோ சன்னலுக்கு வெளியிலோ மாட்டலாமா?

வெளியே நீட்டி மாட்டும் எதுவும் கீழே விழக்கூடியது, விழுந்தால் ஆளைக் கொல்லும். அனுமதியின்றிச் செய்யாதீர்கள். தாழ்வாரத்தில் நடைவழியை அடைக்கக் கூடாது. பால்கனியின் உட்பக்கம் போதும். மொட்டைமாடி நகர மன்றத்தின் பொறுப்பில் உள்ளது, பள்ளி என்றால் நிர்வாகத்தோடு பேசுங்கள்.

தரவில் இடைவெளி விழுந்தால் எப்படி நிரப்புவது?

நிரப்ப வேண்டாம், வெறுமையாக விடுங்கள். பலர் செய்யும் பெரிய தவறு, வைஃபை போன நேரத்துக்கு மழைப் பத்தியில் பூஜ்யம் போடுவது. மழை பெய்யவில்லை என்பதும் நமக்குத் தெரியவில்லை என்பதும் ஒன்றல்ல. மூல அளவின் மேல் திருத்தம் எழுதாதீர்கள். பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு அதில் திருத்துங்கள். இன்றைக்குச் சரியென்று தோன்றும் திருத்தம் நாளைக்கு உப்புச் சோதனையில் தவறென்று தெரிய வரலாம்.

நேரத்தையும் பாருங்கள். கருவி உலகப் பொது நேரத்தில் பதிந்தால் அதன் ‘நாள்’ நமக்குக் காலை எட்டு மணிக்குத்தான் தொடங்கும். விடியற்காலை மழை முந்தைய நாள் கணக்கில் போய்ச் சேரும். தினசரி மொத்தம் ஒத்துவராத புகார்களில் கணிசமானவை இதுதான்.

தானாக வடிகட்ட எல்லைகள் வைக்கலாம்: 19க்குக் கீழோ 37க்கு மேலோ போகும் வெப்பநிலை, மணிக்கணக்கில் மாறாத ஈரப்பதம். நாள் மழைக்கு எல்லை வைக்கும்போது தாராளமாக வையுங்கள். 1978 டிசம்பர் 2இல் இங்கே ஒரே நாளில் 512.4 மி.மீ. பெய்திருக்கிறது. எல்லை தாண்டியதை அழிக்காமல் குறியிட்டு வையுங்கள்.

குறிப்பேடு அவசியமா? எல்லாம் செயலியிலேயே இருக்கிறதே.

செயலியில் அளவுகள் இருக்கும், காரணங்கள் இருக்காது. ‘மார்ச் 9, காலை 10.20, புனல் கழுவியது, இலை அடைப்பு பாதி’, ‘எதிரே அங்சானா மரத்தின் கிளை வெட்டினார்கள்’, ‘கீழ்த்தளத்தில் சாரம்’. இப்படி ஒரு வரி போதும். இரண்டு ஆண்டு கழித்து வரைகோட்டில் ஒரு படி தெரியும்போது, அது வானிலையா மரக்கிளையா என்று சொல்லக்கூடியது அந்த வரி மட்டும்தான். கழுவுமுன் ஒரு படம், கழுவிய பின் ஒரு படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

பள்ளி நிலையத்தை மாணவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். விடுமுறையில் என்ன செய்வது?

ஆண்டிறுதி விடுமுறையும் மழை அதிகமான மாதங்களும் ஒன்றாக வருவது நம் துரதிருஷ்டம். நவம்பர் நடுவில் கதவைப் பூட்டிக்கொண்டு போனால், ஜனவரியில் புனலில் செடியே முளைத்திருக்கும். விடுமுறை தொடங்கும் வாரத்தில் முழுச் சுத்தம், புது பேட்டரி, நடுவில் ஒருமுறை வந்து பார்க்கப் பொறுப்பாசிரியரோ பாதுகாவலரோ ஒருவர். அவர் கழற்றக்கூட வேண்டாம், புனலுக்குள் எட்டிப் பார்த்துப் படம் அனுப்பினால் போதும்.

எப்போது சென்சாரையே மாற்றுவது?

ஈரப்பத சென்சாரை இரண்டு மூன்று ஆண்டில், உப்புச் சோதனை சொல்லும்போது. லேசர் வைத்த துகள் சென்சாரும் ஏறக்குறைய அப்படியே. பேரிங் தேய்ந்தால் காற்றுமானி. மழைமானியின் கிண்ணமும் காற்றழுத்த சென்சாரும் பல ஆண்டு தாங்கும். மாற்றும்போது பழையதை உடனே கழற்றாமல், புதியதைப் பக்கத்தில் மாட்டி ஒரு மாதமாவது இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு அப்புறம் பழையதை எடுக்கலாம்.